எல்லையோரத்து டெஸ்டர்கள்: திறந்த மூல மென்பொருளைச் சோதிப்பதில் என்ன கிடைக்கும்?

கல்லூரி நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்கும் இடத்தில், அலுவலரின் திரையில் கோஹா என்ற திறந்த மூல மென்பொருளை, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் முடிந்த மென்பொருளை, பார்த்திருப்பீர்கள். நியூசிலாந்தில் ஒரு சிறிய வட்டார நூலகத்துக்காக 1999-இல் எழுதத் தொடங்கி, 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று கேரளத்தின் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களில் பரவலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குள் ஒரு திருத்தம் நுழைய வேண்டுமானால் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதியவரைத் தவிர வேறொருவர் அதை ஓட்டிப் பார்த்து, சொன்னபடி வேலை செய்கிறது என்று ஒப்பமிட வேண்டும். அப்புறம் தரக்குழுவைச் சேர்ந்த இன்னொருவர் பார்ப்பார். அதற்கும் பிறகுதான் மூல நிரலில் சேரும்.

அந்த முதல் ஒப்பத்தை இடுபவருக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும், என்ன நடக்க வேண்டும் என்ற சோதனைத் திட்டத்தைத் திருத்தத்தை எழுதியவரே கூட வைத்திருப்பார். தன் கணினியில் கோஹாவை நிறுவ முடியாதவர்களுக்காகச் சாண்ட்பாக்ஸ் என்ற பொதுச் சோதனைத் தளமும் இருக்கிறது. அங்கே பிழையின் எண்ணைக் கொடுத்தால், அந்தத் திருத்தம் சேர்ந்த கோஹா பிரவுசரிலேயே திறக்கும். பல நாடுகளிலிருந்து நூலக அலுவலர்கள் வேலைக்கு நடுவே இப்படிச் சோதிக்கிறார்கள். சோதித்தவரின் பெயர், நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் பதிவில், நிரலை எழுதியவரின் பெயருக்குக் கீழே ஏறிவிடும். பிறகு அதை யாரும் எடுப்பதில்லை.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கணினி சொல்லிக்கொடுக்கிறவன் நான். வேலை தேடும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான். காரணம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் படித்து முடித்ததும் பார்வை கோவைக்குப் போகும், சரவணம்பட்டிக்கும் டைடல் பார்க்குக்கும். கொஞ்சம் துணிந்தவர்கள் கொச்சி இன்ஃபோபார்க். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், குப்பம் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னையும் பெங்களூரும். எங்கே போனாலும் வாசலில் நிற்பது ஒரே கேள்வி: அனுபவம் இருக்கிறதா? வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. இந்தச் சிக்கலில் மாட்டியவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு போலி அனுபவச் சான்றிதழ் அடித்துக்கொடுக்கும் கடைகள் இருப்பது ஊரறிந்த சங்கதி. சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் அது சிக்கினால் வேலையோடு பெயரும் போய்விடும்.

திறந்த மூலத் திட்டத்தில் செய்த சோதனையை யாரும் இப்படிப் புரட்ட முடியாது. தேதியோடு, உரையாடலோடு, திட்டு வாங்கியது உட்பட அப்படியே பொதுவில் கிடக்கும். ஆனால் ரெஸ்யூமேயில் போட ஒரு இணைப்பு கிடைப்பது இதன் சிறிய லாபம்தான். பெரிய லாபம், தன் கண்ணில் பட்ட குறையை முன்பின் தெரியாத ஒருவர் அவருடைய கணினியிலும் பார்க்கும்படி எழுதிக்காட்டும் திறமை. இந்தத் தொழிலில் சம்பளம் வாங்குகிறவர்களில்கூட இது எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை.

புகார் எழுதுவது எப்படி ஒரு கலையாகிறது

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. லிப்ரேஆபீஸ் என்ற திறந்த மூல அலுவலக மென்பொருளின் ரைட்டரில் ஒருவர் தமிழில் கடிதம் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டுகிறார். எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. முதல்முறை எழுதுகிறவர் "தமிழ் சரியாக வரவில்லை, உடனே சரிசெய்யவும்" என்று அனுப்புவார். எதிர்முனையில் இருப்பவர் ஜெர்மனியிலோ பிரேசிலிலோ இருக்கலாம். தமிழில் எது சரி என்று அவருக்குத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது.

அதே ஆள் ஆறு மாதம் பழகிய பிறகு எழுதுவது வேறு மாதிரி இருக்கும். மென்பொருளின் பதிப்பு எண்ணை "பற்றி" பெட்டியிலிருந்து அப்படியே நகலெடுத்துப் போடுவார். இயங்குதளம் எது, எழுத்துரு எது என்று சொல்வார். கடிதம் முழுவதையும் அனுப்பாமல், குறை தெரியும் ஒரே ஒரு சொல்லை மட்டும் வைத்து ஒரு சிறு கோப்பைத் தயாரித்து இணைப்பார். படிகளை வரிசையாக எழுதி, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று இரண்டையும் படத்தோடு காட்டுவார். "வேறு எழுத்துருவில் செய்து பார்த்தேன், அங்கேயும் இருக்கிறது. வேறொரு பிடிஎஃப் வாசிப்பானில் திறந்தேன், அங்கே இல்லை" என்று சேர்ப்பார். இந்தக் கடைசி வரிதான் விலைமதிப்புள்ளது. குறை ரைட்டரிலா வாசிப்பானிலா என்ற கேள்வியைப் பாதி முடித்துவைப்பது அதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, தேவையில்லாததையெல்லாம் கழித்துக்கொண்டே வருவது, பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காமல் எழுதுவது: இவற்றைச் சான்றிதழ் வகுப்புகளும் சொல்லித்தருகின்றன. மென்பொருள் சோதனைக்கான ஐஎஸ்டிக்யூபி என்ற சர்வதேசச் சான்றிதழின் அடிப்படைத் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியானால் தேர்ச்சி. சொற்களைத் தெரிந்துகொள்ள நல்ல தேர்வு, எழுதுங்கள். ஆனால் உங்கள் பதில் தெளிவாக இல்லை என்று ஒரு அந்நியர் முகத்துக்கு நேரே சொல்லும் அனுபவம் அதில் இல்லை.

லிப்ரேஆபீஸில் கோஹாவைப் போலவே ஒரு நல்ல பழக்கம் உண்டு. புதிதாக வரும் புகார் "உறுதிசெய்யப்படாதது" என்ற நிலையில் நிற்கும். புகார் கொடுத்தவரே அதை உறுதிசெய்துகொள்ளக் கூடாது. வேறொருவர் தன் கணினியில் அதை வரவழைத்துக் காட்ட வேண்டும். புதிதாக நுழைகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. சொந்தமாகப் பிழை தேடி அலைய வேண்டாம். வரிசையில் காத்திருக்கும் புகார்களில் ஒன்றை எடுத்து, சொன்ன படிகளைச் செய்து, எனக்கும் வருகிறது அல்லது எனக்கு வரவில்லை, இன்ன பதிப்பு, இன்ன இயங்குதளம் என்று எழுதினால் போதும். பிறருடைய மோசமான புகார்களைப் பத்து நாள் படித்தாலே நம் கை திருந்தும். சில புகார்களில் படிகளே இருக்காது, கோபம் மட்டும் இருக்கும். அவரிடம் பொறுமையாகக் கேட்டு விவரம் வாங்குவது தனித் திறமை, நாளைக்கு வாடிக்கையாளர் அழைப்பில் உட்காரும்போது அதுதான் கைகொடுக்கும்.

அடுத்த படி பைபிசெக்ட். முந்தைய பதிப்பில் ஒழுங்காக வேலை செய்த ஒன்று புதிய பதிப்பில் கெட்டுப்போயிருந்தால், நடுவே வந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கும் வழி. லிப்ரேஆபீஸ் குழு கட்டிமுடித்த பதிப்புகளை ஒரே களஞ்சியத்தில் சேர்த்துவைத்திருக்கிறது. பட்டியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து ஓட்டுங்கள். குறை இருந்தால் முன்பாதிக்குப் போங்கள், இல்லையென்றால் பின்பாதிக்கு. ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடுவதால் 8,000 பதிப்புகள் இருந்தாலும் ஏறக்குறைய 13 சோதனையில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். இதற்கும் நிரல் எழுதத் தெரிய வேண்டாம். டெர்மினலில் சில கட்டளைகள் போதும். ஆனால் களஞ்சியம் பல ஜிபி அளவுள்ளது. எங்கள் பக்கத்து வைஃபையில் இரவு முழுக்க இறங்கவிட்டுத் தூங்கப் போவதுதான் வழி.

கேரளப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, அதை அவர்களே உணர்வதில்லை. மாநிலப் பள்ளிகளில் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கி, பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அது கைட் என்ற நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம்தான் பள்ளிக் கணினிகளில் இருக்கிறது. சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் இதே லினக்ஸில், இதே லிப்ரேஆபீஸில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே கை பழகிவிடுகிறது. பட்டப்படிப்பில் சேர்ந்ததும் மறந்துவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

மூன்று எழுத்து, மூன்று விதப் பெயர்

எல்லையோரத்தில் வாழ்கிறவருக்குச் சோதனைத் தரவு வீட்டிலேயே கிடைக்கும். பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். ஆந்திரத்தில் வீட்டுப்பெயர் முதலில் வந்து, சொந்தப் பெயர் பிறகு வரும். வேலந்தாவளத்தில் பள்ளி முடித்துக் கோவையில் கல்லூரி சேர்ந்த பையனின் இரண்டு சான்றிதழிலும் பெயர் இரண்டு விதமாக இருப்பது இங்கே சாதாரணம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டத்தையும் கட்டாயமாக்கி வைத்திருக்கும் படிவம் இவனை என்ன செய்யும்? கலிபோர்னியாவில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை வடிவமைத்தவருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

இனிஷியலில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. "கோ. முத்துசாமி" என்ற பெயரில் முதல் எழுத்து நம் கண்ணுக்கு ஒன்றுதான். எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது இரண்டு குறியீடு: க, அதோடு ஓகாரக் குறி. முதல் எழுத்தை மட்டும் எடு என்று அவசரமாக எழுதிய நிரல் கோ-வை வெட்டிக் க ஆக்கிவிடும். தொடர்பு எண் செயலிகளில் படத்துக்குப் பதிலாக வட்டத்துக்குள் ஒரு எழுத்து வருமே, அங்கே உங்கள் வீட்டுப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள்.

இதைவிட நுட்பமானது, பார்க்க ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள். கொ என்பதில் வரும் ஒகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. தேடுபொறி எழுதியவர் அதைக் கவனிக்காவிட்டால் ஒன்றைத் தேடும்போது மற்றது கிடைக்காது. ஸ்ரீ-யில் குழப்பம் இன்னும் அதிகம். 2005-இல் வெளிவந்த யூனிகோடு 4.1-இல் ஶ என்ற எழுத்து சேர்ந்தது. அதிலிருந்து ஸ்ரீ-யை அந்த எழுத்தை வைத்தும் எழுதலாம், பழையபடி ஸ வைத்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, இவை சமம் என்ற விதியும் இல்லை. ஶ்ரீதர் என்று பதிந்தவரை ஸ்ரீதர் என்று தேடினால் ஆளே இல்லை என்று வரும். ஔ என்ற எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டையும் சேர்த்து அடித்துவிடும் பழக்கமும் நம்மிடம் நிறைய.

மலையாளத்திலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. உயிர் சேராத மெய்யைத் தனி வடிவில் காட்டும் சில்லெழுத்துகளுக்கு 2008-இல் யூனிகோடு 5.1 தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன்பு மெய்யெழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறியைச் சேர்த்து எழுதிவந்தார்கள். பழைய கோப்புகளில் இன்னும் அப்படித்தான் கிடக்கிறது. பழைய முறையில் அடித்த ஊர்ப்பெயரைப் புதிய முறையில் தேடிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. ஊர்ப்பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது: பாலக்காட்டில் ஒரு சித்தூர், ஆந்திரத்தில் மாவட்டத் தலைநகராக ஒரு சித்தூர். இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்து இயங்கும் செயலிகளில் தமிழில், மலையாளத்தில், தெலுங்கில் தேடி எந்தச் சித்தூர் முதலில் வருகிறது என்று பார்த்தால் அரை நாள் வேலை இருக்கிறது.

இவையெல்லாம் மேலைநாட்டு டெஸ்டர் ஒருவர் நினைத்தாலும் கண்டுபிடிக்க முடியாத பிழைகள். அவருக்கு அறிவு குறைவு என்பதில்லை, திரையில் தெரிவது தப்பு என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிந்து, ஆங்கிலத்தில் நான்கு வரி தெளிவாக எழுதத் தெரிந்தவர் அந்த இடத்தில் அரிய ஆள். எங்கள் பிள்ளைகள் "எனக்குத் தமிழும் ஒழுங்காக இல்லை, மலையாளமும் ஒழுங்காக இல்லை" என்று கூச்சப்பட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும்.

நம்பிக்கை, சந்தேகம், எரிச்சல்

சோதிக்கும் கண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 மார்ச் மாதம் நடந்தது நல்ல சாட்சி. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் டெவலப்பர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் இன்னும் வெளியிடப்படாத வளர்ச்சிப் பதிப்பு ஓடிய கணினியில், தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆவதைக் கவனித்தார். மற்றவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் தோண்டினார். எக்ஸ்இஸட் என்ற சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய யாரோ ஒரு பின்வாசலை ஒளித்துவைத்திருந்தது வெளியே வந்தது. நிலையான பதிப்புகளுக்குள் பரவுவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள்.

அந்தப் பின்வாசலை வைத்த ஆளும் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல தன்னார்வலராக நடித்து, பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றுத்தான் உள்ளே வந்திருந்தார். ஆகவே பழைய திட்டங்கள் புதியவர்களைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்த்தால் மனம் நோக வேண்டாம்.

இந்தியர்கள் மீது கொஞ்சம் கூடுதல் சலிப்பும் இருக்கிறது, அதை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை. 2020-இல் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாத நிகழ்வில் நான்கு பங்களிப்பு செய்தால் ஒரு டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். காற்புள்ளியை மாற்றுவது, "அருமையான திட்டம்" என்று ஒரு வரி சேர்ப்பது என்று பொறுப்பாளர்களின் தலையில் குப்பை கொட்டியது. அதில் கணிசமானது இங்கிருந்து போனது. சில நாட்களிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் என்று ஆக்கினார்கள். 2024-இல் இணையச் செயலிகள் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் திட்டத்திலும் இதே கூத்து. பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்த்தவர்கள் அதன் அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கக் கிளம்பிவிட்டார்கள். இப்போது ஏஐ எழுதித் தரும் புகார்கள். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் கருவியை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பர்க், நடக்காத பாதுகாப்புக் கோளாறை நடந்ததாக அழகான ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறார்கள் என்று வெளிப்படையாகவே குமுறியிருக்கிறார். ஆங்கிலத்தைத் திருத்த ஏஐ உதவியை எடுங்கள், தப்பில்லை. பிழையை உங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலவசமாக உழைக்கச் சொல்கிறீர்களே என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தோட்டத்தில் கூலிக்குப் போகும் வீட்டிலிருந்து வரும் பெண்ணிடம், ஆறு மாதம் சம்பளமில்லாமல் சோதனை செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாரத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம், படிக்கும் காலத்திலேயே என்று வைத்துக்கொண்டால்தான் இது சரிப்படும். அதுவும் நீங்களே அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளாக இருக்கட்டும். லாபத்துக்கு விற்கும் பொருளைப் பீட்டா என்ற பெயரில் உங்களை வைத்துச் சோதித்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு, அவை இந்தக் கணக்கில் வராது. "ஓப்பன் சோர்ஸ் இன்டர்ன்ஷிப்" என்று கட்டணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அவுட்ரீச்சி, கூகுள் சம்மர் ஆஃப் கோடு போன்ற திறந்த மூலப் பயிற்சித் திட்டங்கள் நம்மிடம் காசு வாங்குவதில்லை, தேர்வானவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பிக்கும் கட்டத்தில் செய்த சிறு பங்களிப்புகள் அங்கே எடுபடும்.

இதனால் வேலை நிச்சயமா என்றால், இல்லை. மொத்தமாக ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்களின் முதல் வடிகட்டலில் மதிப்பெண்ணும் ஆப்டிட்யூட் தேர்வும்தான் பேசும். பிழைப் புகார்களைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் உள்ள உங்கள் பக்கத்தை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். சின்ன நிறுவனங்களில், நேரே டீம் லீடர் உட்காரும் நேர்காணலில்தான் இது பலிக்கும். அங்கேயும் 40 புகார் கொடுத்தேன் என்ற எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். இரண்டே இரண்டை எடுத்துக்கொண்டு போங்கள்: ஒன்று சரிசெய்யப்பட்டது, இன்னொன்று "எனக்கு ஒழுங்காக வேலை செய்கிறது" என்றோ "இதை மாற்றப் போவதில்லை" என்றோ மூடப்பட்டது. மூடப்பட்டதைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் கேட்பார்கள். ஏன் மறுத்தார்கள், நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று. இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் சோதனையைத் தானாக ஓட்டும் செலினியம் கருவி தெரியுமா என்பது இரண்டாவது கேள்வியாகிவிடும். செலினியம், பிளேரைட், பைடெஸ்ட் எல்லாமே திறந்த மூலம்தான், பிறகு கற்றுக்கொள்ளலாம்.

லேப்டாப் இல்லாதவர்கள் போனிலேயே தொடங்கலாம். ஃபயர்ஃபாக்ஸின் நைட்லி என்ற சோதனைப் பதிப்பு ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. இண்டிக் கீபோர்டு செயலியில் தமிழும் மலையாளமும் உண்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிக்கும் மாறி மாறி அடித்து, பின்னழிப்பு விசையை அழுத்தினால் எந்த எழுத்து எவ்வளவு அழிகிறது என்று பார்க்கலாம். திரைப் பதிவை இணைத்தால் படிகளைப் பாதி எழுதியது போல. ஐந்து வருடத்துக்கு முந்தைய, நினைவகம் குறைந்த போனாக இருந்தால் அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். டெவலப்பர்கள் மேசையில் புதிய போன்கள்தான் இருக்கும், பழைய போனில் மட்டும் வரும் பிழை அவர்கள் கண்ணில் படாது. போனின் மாடலையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் புகாரின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.